ஓரத்து நாலு வரிசை

போன மாதம் ஒரு நாள் காலையில் ஷர்மிளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் பகுதியைப் பார்க்கும் உதவி வேளாண்மை அலுவலர் அவள்தான். வன்னியம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பருத்தி வயலில் நின்றுகொண்டே பேசினாள்.

“மேடம், ரோட்டோரச் செடியில என்னமோ இருக்கு. இலையெல்லாம் புள்ளி புள்ளியா வெளுத்திருக்கு. படம் எடுத்து ஏத்துனா ஆப் வாங்க மாட்டேங்குது. வயலுக்கு உள்ள போயி எடுன்னு செவப்பு எழுத்துல வருது. நான் என்ன செய்யட்டும்?”

“வயல்காரர் எங்க?”

“மோட்டார் ரூம்ல இருக்காரு மேடம்.”

“அவரக் கூப்பிட்டு மொதல்ல காட்டு. போனத் தூக்கிப் பையில போடு.”

“பரிந்துரை ஆபீஸ்லருந்துதான மேடம் வரணும்?”

அதற்கு மேல் நான் பேசியதை அச்சில் போட முடியாது. யாரோடு சண்டை என்று என் கணவர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். பாவம், அந்தப் பெண் மீது ஒரு தப்பும் இல்லை. வயல்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, “காலையில ஏன் மேடம் அம்புட்டுக் கோவப்பட்டீங்க?” என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதே வாரம் எங்கள் ஓய்வூதியர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் வந்தது. ‘பணிக்காலத்தின் இனிய நினைவுகள்’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள். நான் ‘இனிய’ என்பதை அடித்துவிட்டு எழுதுகிறேன். போடுவதானால் போடுங்கள், இல்லாவிட்டால் ஷர்மிளாவுக்காவது அனுப்பிக்கொள்கிறேன்.

முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் இரண்டு வருடப் பயிற்சி. அதில் நெல்லுக்கு ஏகப்பட்ட மாதங்கள், பருத்திக்கு ஒரே ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் கையில் கொடுத்த பூதக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டேன்; ஓய்வு பெறும் நாள்வரை கழற்றவில்லை. தாலிக்கொடியில் அந்தக் கயிறு சிக்கிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் மறதியில் அதோடு போய், பாதிரியார் சிரித்த கதையும் உண்டு. ஆக, இனிய நினைவு ஒன்றையும் சொல்லிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருவோம்.

இளம் பருத்தியில் பூச்சி பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். காலை ஏழு மணிக்குள் வயலில் இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பறப்பதெல்லாம் பறந்துவிடும். சூரியன் நம் முகத்துக்கு நேரே இருக்கும்படி நடக்க வேண்டும். நம் நிழல் செடிமேல் விழுந்தால் பூச்சிக்குத் தகவல் போய்விடும். இலையைப் பறிக்கக் கூடாது. காம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒரு செடிக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று இலை.

பறப்பதை முதலில் எண்ண வேண்டும், அது வெள்ளை ஈ. அடுத்து ஓடுவது. தத்துப்பூச்சிக் குஞ்சு நேராக ஓடாது, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். நரம்போரமாக ஒடுங்கிக் கிடப்பது இலைப்பேன். குருத்தில் அப்பிக்கொண்டிருப்பது அசுவினி. செடியில் எறும்பு ஏறினாலே அது இருக்கிறது என்று அர்த்தம். இவை எல்லாவற்றையும்விடச் சங்கடம் பிடித்தது சிலந்திப்பேன். வெறும் கண்ணுக்குச் சிக்காது. அதற்கு ஒரு வெள்ளைத் தாளைச் செடிக்குக் கீழே பிடித்து இலையைத் தட்ட வேண்டும். தாளில் தூசி விழும். விழுந்த தூசியைப் பார்த்தபடி செத்த நேரம் பொறுமையாக நிற்க வேண்டும். அதில் நகர்வது சிலந்திப்பேன்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு விதி இருக்கிறது. வரப்பிலிருந்து ஐந்து எட்டு எடுத்துவைத்து உள்ளே போன பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். ஓரத்துச் செடியை எண்ணக் கூடாது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓரத்துச் செடிக்குத் தூசி அதிகம், களை பக்கத்தில், அடுத்த வயல் பூச்சியும் அங்கேதான் முதலில் வந்து இறங்கும். அதையும் சேர்த்து எண்ணினால் வயலின் கணக்கு உப்பிவிடும். எண்ணுவதற்கு விதி சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் எண்ணக் கூடாது என்று எழுதியதைப் பார்க்கவே கூடாது என்று படித்த புண்ணியவான்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் கீழே நான் ஐந்து வருடம் வேலை பார்த்தேன்.

அவர் எங்கள் உதவி இயக்குநர். ஏடி சார் என்போம். எந்த ஊர் அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. சத்தம் போட்டுப் பேசியே நான் கேட்டதில்லை. எல்லாப் பெண்களையும் பெயரோடு ‘அம்மா’ சேர்த்துத்தான் கூப்பிடுவார். படிவத்தைத் தொடுவதற்கு முன் கை கழுவித் துடைத்துக்கொள்வார். மரத்தில் செய்த ஓர் அடிக்கோலை வரிசைக்குக் கீழே வைத்து, வரி வரியாக நகர்த்திப் படிப்பார். கூட்டல் பிழை அவர் கண்ணில் தப்பாது. வயலுக்கு வந்தால் வரப்போடு சரி. வண்டி இருக்கையில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துகொள்வார். “வரப்புல இருந்து பாத்தாத்தான்மா முழு வயலும் தெரியும்” என்பார். அவருக்குப் பிடிக்காத ஒன்று படிவத்தின் கடைசிக் கட்டம். ‘குறிப்பு’ என்று போட்டிருக்குமே, அதுதான். “குறிப்பு எழுதினா மேலேயிருந்து கேள்வி வரும்மா. கேள்வி வந்தா பதில் எழுதணும். எதுக்கு?” என்பார்.

எனக்கும் அவருக்கும் ஆகாது என்பதை ஊரே அறியும். ஒருமுறை வன்னியம்பட்டியில் ஒருவர் தேவையில்லாமல் மருந்தடிக்கத் தயாரானபோது, “பொறிவண்டு நெறய இருக்கு, அதுவே அசுவினியத் தின்னுரும், விடுங்க” என்று வாயால் சொல்லிவிட்டேன். எழுத்துப்பூர்வப் பரிந்துரை இல்லாமல் விவசாயிக்கு ஆலோசனை வழங்கியது ஏன் என்று கேட்டு மெமோ கொடுத்தார். மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். அன்றிலிருந்து நானும் வாயை மூடக் கற்றுக்கொண்டேன். எதற்கும் ‘சீட்டு வரட்டும்’ என்று சொல்லிப் பழகினேன். சீட்டு என்றால் ஏடி கையெழுத்தோடு அலுவலகத்திலிருந்து வரும் மருந்துப் பரிந்துரை. இந்த மெமோவை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நான் செய்த காரியத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே சமாதானம் அதுதான். அது போதாது என்பது எனக்கே தெரியும்.

சோழபுரம் பக்கம் மாரிக்கனி என்று ஒருவர். அவரும் அவர் மனைவி பேச்சியம்மாளும் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பதினோரு வருடமாகப் பாடுபட்டு வந்தார்கள். வேறு நிலம் கிடையாது. அதற்கு முந்தைய போகத்தில் காய் வெடிக்கும் நேரத்தில் மழை பிடித்து எல்லாம் போய்விட்டது. நிலத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்தப் போகமும் சரியாக வராவிட்டால் தென்னங்கன்று வைத்துவிடுவேன், நீ வேறு பார்த்துக்கொள். மாரிக்கனி இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “இந்தத் தடவ வந்துரும் மேடம். மண்ணப் பாத்தாலே தெரியுது” என்றார்.

நெல் அறுத்த வயலில் மாசியில் விதை ஊன்றினார்கள். அந்த வருடம் வயலுக்குக் கிழக்கே ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். டிப்பர் லாரி ஓடாத நேரமில்லை. சட்டை, மரம், மாடு எல்லாம் தூசி படிந்து ஒரே நிறமாகக் கிடந்தன. முப்பத்து மூன்றாம் நாள் நான் போனேன். செடி முழங்காலுக்குக் கீழே, பார்க்க லட்சணமாக நின்றது. விதிப்படி உள்ளே இறங்கிக் குறுக்காக நடந்து எண்ணினேன். தத்துப்பூச்சி கொஞ்சம் இருந்தது, பயப்படும்படி இல்லை. பொறிவண்டும் இருந்தது. சிலந்திப்பேன் ஒன்றுகூட இல்லை.

எண்ணி முடித்துக் கிழக்கு வரப்பு வழியாக ஏறும்போது ரோட்டோரச் செடி ஒன்று கண்ணில் பட்டது. தூசியைத் துடைத்துப் பார்த்தால் இலையில் ஊசியால் குத்திய மாதிரி வெளிறிய புள்ளிகள். திருப்பினேன். அடியில் நூலாம்படை மாதிரி மெல்லிசாக ஏதோ. தாளைப் பிடித்துத் தட்டினேன். கொட்டிய தூசியில் பாதி நடந்தது. அப்படியே வரிசையோடு போனேன். முதல் நாலு வரிசை, வயலின் நீளத்துக்கும் இருந்தது. ஐந்தாவது வரிசையில் தேடித் தேடிப் பார்த்தும் இல்லை. அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறது என்று புரிந்தது. அந்த நாலு வரிசைக்கு மட்டும் நனையும் கந்தகத் தூளைத் தண்ணீரில் கரைத்து இலையடியில் படும்படி அடித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒருவர் ஒரு காலையில் முடிக்கக்கூடிய வேலை.

மாரிக்கனி பக்கத்தில் வந்து நின்றார். “என்ன மேடம், தாள்ல என்ன பாக்கிய?”

“ஒரு சந்தேகம். சீட்டு வரட்டும், பாப்போம்” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரி” என்றார்.

இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது. சொல்வதற்கு என்ன கேடு எனக்கு? நாக்கில் புண்ணா? இன்னொரு மெமோ வந்திருக்கும், இன்னும் மூன்று பக்கம் எழுதியிருப்பேன். அவ்வளவுதானே.

அன்று மதியமே படிவத்தை ஏடியிடம் கொண்டுபோனேன். குறிப்புக் கட்டத்தில் இடம் போதாமல் பக்கவாட்டிலும் எழுதியிருந்தேன்: கிழக்கு வரப்போரம் நாலு வரிசையில் சிலந்திப்பேன், உள்ளே இல்லை, அந்த வரிசைகளுக்கு மட்டும் உடனே கந்தகம் பரிந்துரைக்கலாம். அவர் கை கழுவி வந்தார். அடிக்கோலை நகர்த்தி மேலிருந்து படித்தார். கடைசிக் கட்டத்தில் நின்றார்.

“ஜெயசீலிம்மா, ஓரத்துல எண்ணலாமா?”

“எண்ணலை சார். பாத்தேன்.”

“எண்ணக் கூடாத எடத்துல பாத்ததுக்குக் குறிப்பு எதுக்கு?”

“சார், வயலுக்குள்ள வர்றதுக்கு முன்னால பிடிச்சிரலாம். நாலே வரிசைதான்.”

“வந்தா அடுத்த வாரம் உள்ள எண்ணும்போது தெரியுமில்ல? அப்ப எழுதுங்க. இப்ப இதை அனுப்பினா சிலந்திப்பேன் தாக்குதல்னு நம்ம வட்டாரமே மாவட்டக் கூட்டத்துல நிக்கும்.”

சிவப்புப் பேனாவை எடுத்து, அடிக்கோலை வைத்து, நான் எழுதியதன் மேல் நேராக ஒரு கோடு போட்டார். கோடு கொஞ்சமும் வளையவில்லை. பிறகு புதிய படிவம் ஒன்றைக் கொடுத்து, குறிப்புக் கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டு எழுதிவரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

அந்த வாரம் மற்ற கிராமங்களில் தத்துப்பூச்சி கூடியிருந்தது. அதனால் வட்டாரம் முழுவதற்கும் ஒரே சீட்டு அடித்து அனுப்பினார்கள்: தத்துப்பூச்சிக்கு இன்ன மருந்து, இத்தனை லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி. அந்த மருந்து தத்துப்பூச்சியைக் கொல்லும். பொறிவண்டையும் சேர்த்துக் கொல்லும். சிலந்திப்பேனை ஒன்றும் செய்யாது. சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால் உள்ள வேறு ஜாதி. தன்னைத் தின்னும் பொறிவண்டு இல்லாமல் போனால் அதற்கு அப்புறம் கொண்டாட்டம்தான். இதெல்லாம் எங்கள் துறையில் முதல் வருடம் படிப்பவனுக்கே தெரியும். சீட்டு மாரிக்கனி கையில் போன அன்று நான் ஆலங்குளம் பக்கம் வேறொரு முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தேன்; அடுத்த வாரம் எண்ணுவதற்கும் சோழபுரம் போக முடியவில்லை. இருக்கட்டும், போன் இருந்ததே. கூப்பிட்டிருக்கலாம்.

சீட்டு போய்ப் பதினோராம் நாள் மாரிக்கனியே கூப்பிட்டார். “மேடம், வயலு செவந்துபோச்சு. செத்த வந்து பாருங்களேன்.”

போய்ப் பார்த்தேன். கிழக்கிலிருந்து மேற்குவரை இலைகள் செம்பு நிறத்தில் சுருண்டிருந்தன. கை வைத்தால் உதிர்ந்தன. தாளைப் பிடித்துத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை; செடிக்குச் செடி நூல் கட்டியிருந்தது. கந்தகம் அடித்தோம், அதற்கென்று இருக்கும் வேறு மருந்தும் அடித்தோம். செடி பிழைத்தது, ஆனால் வளர்ச்சி நின்று கட்டை விழுந்துவிட்டது. பூ எடுக்க வேண்டிய நேரத்தில் அது மறுபடி தளிர் விட்டுக்கொண்டிருந்தது. வைகாசி வெயிலில் அதில் என்ன காய்க்கும்?

மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஏடி வரப்பில் நின்று, ஐந்து எட்டு விதியை அவர்களுக்கு அழகாக விளக்கினார். ஓரத்துச் செடி கணக்கில் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மாரிக்கனிக்குப் பின்னால் நின்ற பேச்சியம்மாள் முன்னால் வந்தார்.

“அய்யா, ஓரத்துச் செடியும் நான் ஊனுனதுதான? அதுக்கும் குனிஞ்சுதான வெத போட்டேன்? அது மட்டும் எப்படி வயல்ல சேராம போச்சு?”

மாரிக்கனி, “சும்மா இருட்டி” என்றார். ஏடி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அவிய படிக்காதவிய, விடுங்க சார்” என்றார். படித்தவர்கள் நான்கு பேரும் படித்த நானும் அங்கே நின்றுகொண்டிருந்தோம்.

அலுவலகம் திரும்பியதும் அறிக்கை தயாரானது. முப்பத்து மூன்றாம் நாள் ஆய்வில் வயலினுள் சிலந்திப்பேன் காணப்படவில்லை. உண்மை. தத்துப்பூச்சிக்கு உரிய பரிந்துரை உரிய காலத்தில் வழங்கப்பட்டது. உண்மை. வரப்போரக் களைகளை விவசாயி அகற்றாததே திடீர்த் தாக்குதலுக்குக் காரணமாக இருக்கலாம். இருக்கலாமாம். ரோடு போடுகிறவன் வரப்பையே பாதி வெட்டிப்போட்டிருக்கிறான், அங்கே களையை எங்கே போய்ப் பிடுங்குவார் அந்த மனிதர்? அறிக்கையின் கீழே ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“இதுல நான் எழுதின குறிப்பைக் காணோமே சார்” என்றேன்.

“நீங்க குடுத்த படிவத்துல குறிப்பு ‘இல்லை’ன்னுதானேம்மா இருக்கு? உங்க கையெழுத்துதானே?”

என் கையெழுத்துதான். சிவப்புக் கோடு போட்ட முதல் படிவத்தை அவர் அன்றைக்கே கிழித்திருப்பார். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அவர் வேலி, நான் ஓணான். ஒரு பொய்கூட இல்லாமல் இத்தனை பெரிய பொய்யை எழுத முடியும் என்பதை அந்த ஒரு பக்கத் தாளில்தான் பார்த்தேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏடி பதவி உயர்வு பெற்று வேறு மாவட்டம் போனார். வழியனுப்பு விழாவில் துல்லியத்துக்குப் பெயர்போனவர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். நானும் கை தட்டினேன். இன்றைக்கு அவருடைய அடிக்கோலும் சிவப்புப் பேனாவும் ஷர்மிளாவின் போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஏடியிடமாவது வாதாடிப் பார்க்கலாம். போனிடம் என்ன வாதாடுவது? ஓரத்தில் நின்றால் படத்தை வாங்காது. குறிப்பு எழுதக் கட்டமும் கிடையாது. இதை முன்னேற்றம் என்று ஒரு கூட்டம் போட்டுக் காட்டினார்களாம். செய்யட்டும். ஷர்மிளா மாதிரி இப்போது வயலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணால் பார்த்ததை வயல்காரரிடம் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டு, அதன் பிறகு உங்கள் போனில் என்ன வேண்டுமானாலும் ஏற்றுங்கள். மெமோ வந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், விளக்கம் நான் எழுதித் தருகிறேன்.

மாரிக்கனியின் வயலில் அந்த ஆடியிலேயே தென்னங்கன்று வைத்துவிட்டார்கள். அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனார். பேச்சியம்மாளும் அதே ஆலையில்தான் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடம் நான் சோழபுரம் போனால் அந்த ரோட்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில்தான் போவேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். “மேடம், சொகமா இருக்கீயளா?” என்று ஒரு குரல். மாரிக்கனி. ஷிப்டு முடிந்து வருகிறார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. மூட்டை மூட்டையாகப் பருத்தி வடக்கேயிருந்து வருகிறது, அதை இறக்கி அடுக்குவதுதான் வேலை என்றார். பேச்சியம்மாள் எப்படி என்று கேட்டேன். இருமல் இருக்கிறது, மற்றபடி பரவாயில்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் மேடம். அன்னைக்கு ஓரத்துல வெள்ளத் தாள்ல தட்டிப் பாத்தீயளே, அப்பவே தெரிஞ்சுச்சா?”

“தெரிஞ்சது.”

“அந்த நாலு வரிசைக்கு மட்டும் அடிச்சாப் போதும்னும் தெரியுமோ?”

“தெரியும்.”

என் வண்டி வந்து நின்றது. நான் ஏறவில்லை. அவர் புருவத்துப் பஞ்சைத் துடைத்துக்கொண்டார்.

“பொறவு ஏன் மேடம் சொல்லல?”

“சீட்டு வரட்டும்னு இருந்துட்டேன், மாரிக்கனி.”

“சீட்டு வந்துச்சே மேடம்” என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வந்ததைத்தான் சொன்னார். வந்த சீட்டைப் பேச்சியம்மாளிடம் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டி, மூடியில் மில்லி பார்த்து அளந்து, அந்தத் தத்துப்பூச்சி மருந்தை ஒரு செடி விடாமல் அடித்தவர் அவர்.